பாசி கேட்கும் தண்ணீர்



புலியைப் பற்றிப் பேசினால் அரங்கு நிறையும். யானையைப் பற்றிப் பேசினால் வாசல்வரை ஆட்கள் நிற்பார்கள். நான் பேச வந்திருப்பது விரல் நீளச் செடிகள் சிலவற்றைப் பற்றி. பூக்காதவை, காய்க்காதவை, விறகுக்கும் ஆகாதவை, மருந்துக்கும் ஆகாதவை. ஆனால் அவற்றைப் பார்க்க ஐரோப்பாவில் அறிஞர்கள் முழங்கால் நனைய மண்டியிடுகிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியமே 1992-இல் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஏன் கொடுத்தது? அந்தச் செடி எங்கே வளர்கிறது? எங்கே வளர மறுக்கிறது? ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடக்கும் செடி, இன்னொரு நாட்டில் ஏன் அரிதாகிறது? இந்தக் கேள்விகள்தாம் இன்றைய பேச்சு.

பாசி என்றதும் கிணற்றுப் படியில் காலை வாரிவிடும் பச்சை வழுவழுப்பு உங்கள் நினைவுக்கு வரும். நான் சொல்வது தண்டும் இலையும் உடைய பாசி. மழைக்காலத்தில் மதில் சுவரில் பச்சையாகப் படருகிறதே, அந்த வகை. கல்லூரி மாணவர்கள் இதை மாஸ் என்று படித்திருப்பீர்கள். இதற்கு வேர் கிடையாது. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம். மரம் என்றால் வேரை ஆழமாக இறக்கித் தேவையானதைத் தேடிக்கொள்ளும். பாசியால் அது முடியாது. தன்னைத் தொட்டு நிற்கும் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ, அதுதான் அதற்குச் சோறு, அதுதான் அதற்கு நஞ்சு. ஆகவே ஒரு பாசி எங்கே வளரும் என்று கேட்டால், தண்ணீரைக் கேளுங்கள் என்பதே என் பதில். இந்தப் பதிலை இன்று பலமுறை சொல்லப் போகிறேன்.

சதுப்பு நிலம் எல்லாம் ஒன்றல்ல. வடக்கு நாடுகளில் மக்கிப்போகாத செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து பீட் என்னும் கரிய மண்ணாகிக் கிடக்கின்றன. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே அதிகம். நம் நீலகிரியின் உயரமான பள்ளத்தாக்குகளிலும் பீட் உண்டு. பேராசிரியர் ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் அந்தப் பீட்டைப் படித்து, இருபதாயிரம் ஆண்டுத் தட்பவெப்பத்தின் கதையை 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சரி, வடக்கே போவோம். அங்கே ஒரு வகைச் சதுப்பு வானத்தை மட்டும் நம்பி வாழ்கிறது. மழை தவிர வேறு தண்ணீர் அதற்கு இல்லை. இன்னொரு வகை, நிலத்துக்கு அடியிலிருந்து கசிந்து வரும் ஊற்றை நம்பி வாழ்கிறது. முதலாவதை மழைச் சதுப்பு என்போம், இரண்டாவதை ஊற்றுச் சதுப்பு என்போம். நம் பேச்சு முழுக்க ஊற்றுச் சதுப்பைப் பற்றியது.

ஊற்று நீர் என்றால் எல்லாம் ஒரே நீரா? இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் வெந்து குழையும். நான்கு வீடு தள்ளி இருக்கும் கிணற்றுத் தண்ணீரில் எத்தனை நேரம் கொதித்தாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். பருப்பு அதே பருப்பு, அடுப்பு அதே அடுப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் வேறு. பூமிக்கடியில் அந்தத் தண்ணீர் எந்தப் பாறையைத் தொட்டு வந்ததோ, அந்தப் பாறையின் சாரம் அதில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையைக் கடந்து வந்த ஊற்றுக்கு ஒரு குணம். கருங்கல்லைக் கடந்து வந்த ஊற்றுக்கு வேறு குணம். இரும்புக் கனிமத்தைக் கரைத்துக்கொண்டு வந்த ஊற்று, வெளிக்காற்று பட்டதும் செம்மஞ்சளாகத் துருப்பிடித்து நிற்கும்.

இதை எண்களாக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் சுவீடன் நாட்டவர்கள். எய்னார் டு ரியெட்ஸ் என்ற அறிஞர் வழி காட்டினார். ஹூகோ ஷோர்ஸ் வடசுவீடனின் சதுப்புகளில் நீரின் அமில நிலையையும் அதில் கரைந்த உப்புகளையும் அளந்து, எந்த நீருக்கு எந்தச் செடி என்று 1950-இல் எழுதினார். அமிலம் மிகுந்த, கனிமம் குறைந்த சதுப்பை ஏழைச் சதுப்பு என்றார்கள். பி.எச். ஆறைத் தாண்டிய, கால்சியம் மிகுந்த சதுப்பைச் செல்வச் சதுப்பு என்றார்கள். ஆனால் இந்தச் செல்வம் கனிமச் செல்வம் மட்டுந்தான். உரச் செல்வம் அதில் கிடையாது. கால்சியம் கொட்டிக் கிடக்கும், பாஸ்பரஸோ மருந்துக்குக்கூட இருக்காது. அரிய பாசிகள் விரும்புவது இந்த விசித்திரமான நிலையைத்தான்.

விரும்புகின்றன என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அவை பட்டினியை விரும்புகின்றனவா? பாஸ்பரஸ் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லும்? ஆனால் இந்தப் பாசிகளைவிட வேகமாக வளரக்கூடிய நாணலும் புல்லும் வேறு பாசியும் பக்கத்தில் நிற்கின்றன. உரம் வந்துவிட்டால் அவை எழுந்து வெயிலை மறைத்துவிடும். உரம் இல்லாத இடத்தில் அவற்றால் தலைதூக்க முடியாது. பட்டினியைத் தாங்கத் தெரிந்த பாசி மட்டும் நிம்மதியாக வாழும். மார்ட்டின் வாசன் என்ற நெதர்லாந்து அறிஞரும் உடன் உழைத்தவர்களும் மேற்கு ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை ஈர நிலங்களை ஆராய்ந்து 2005-இல் சொன்ன முடிவும் இதுதான்: அழிவின் விளிம்பில் நிற்கும் பூக்கும் செடிகள், பாஸ்பரஸ் பற்றாக்குறை உள்ள இடங்களில்தான் அதிகமாகத் தங்கியிருக்கின்றன. பூக்கும் செடிக்கே அப்படி என்றால், வேர் இல்லாத பாசிக்கு?

ஐரோப்பிய ஒன்றியம் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது என்றேனே, இப்போது அந்தப் பாசியைக் கையில் எடுப்போம். அதன் அறிவியல் பெயர் ஹமட்டோகாலிஸ் வெர்னிகோசஸ். நமக்குள் கொக்கிப் பாசி என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு காட்டும் லென்ஸை வைத்துப் பாருங்கள். தண்டின் நுனி வளைந்து கொக்கி போட்டிருக்கும். இலைகள் எல்லாம் ஒரே பக்கமாக அரிவாள் வளைவில் திரும்பியிருக்கும். ஒவ்வோர் இலையிலும் நீளவாக்கில் மடிப்புகள். இலை தண்டோடு சேரும் அடியில் மெல்லிய சிவப்பு. இவ்வளவும் பார்த்துவிட்டு இதுதான் என்று எழுதிவிடாதீர்கள். இதைப் போலவே அரிவாள் இலையோடு ஸ்கார்பிடியம் இனப் பாசிகள் பக்கத்திலேயே வளரும். தண்டைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். நடுவில் தனிக் கற்றையாகச் சிறு செல்கள் இருந்தால் அது வேறு பாசி. கொக்கிப் பாசியின் நடுத்தண்டில் அது இருக்காது. சட்டம் பாதுகாப்புக் கொடுத்த பிறகு பிரிட்டனில் பழைய மாதிரிகளை எடுத்துத் திரும்பப் பார்த்தபோது, கொக்கிப் பாசி என்று எழுதி வைத்திருந்தவற்றில் பல வேறு பாசிகள் என்று தெரிந்தது. பெயர் தவறினால் வாழிடமும் தவறும். வேறொரு பாசியின் வீட்டை அளந்துவிட்டு இதன் வீடு என்று நூலில் எழுதிவிடுவோம். களஆய்வுக்குப் போகும் மாணவர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

இந்தக் கொக்கிப் பாசி எங்கே வளரும்? தண்ணீரைக் கேளுங்கள்!

வேல்ஸ் நாட்டின் மேட்டு நிலங்களில் கேட்டால், மலைச்சரிவில் ஊற்று கசிந்து பரவும் ஈரத் திட்டுகளைக் காட்டும். ஆடுமாடு மேய்ந்து புல் குட்டையாக இருக்கும் இடம். அந்த நீரில் கனிமம் உண்டு, ஆனால் சுண்ணாம்பு மிகுதியாக இராது. செக் குடியரசில் கேட்டால், இரும்பு மிகுந்த ஊற்றுகளைக் காட்டும். டானா ஷ்டெக்கோவா, யான் குசெரா என்ற இரு ஆய்வாளர்கள் அந்நாட்டின் கொக்கிப் பாசி இடங்களை ஆராய்ந்து 2007-இல் எழுதினார்கள். அங்கே அது வைக்கோலுக்காகக் காலங்காலமாக அரிவாள் பட்ட ஈரப் புல்வெளிகளில் இருக்கிறது. அறுப்பு நின்றால் உயரமான செடிகள் மூடுகின்றன, பாசி மறைகிறது. கிழக்கே கார்பேத்திய மலைக்குப் போனால், சில ஊற்றுகளில் கால்சியம் அளவுக்கு மீறி இருக்கும். நீர் வெளியே வந்ததும் சுண்ணாம்பு படிந்து, பாசியே கல்லாக இறுகிப்போகும். அந்தக் கல் ஊற்றுகளில் வேறு பாசிகள் குடியிருக்கின்றன, நம் கொக்கிப் பாசிக்கு அங்கே இடமில்லை.

பார்த்தீர்களா? ஓரிடத்தில் மிதமான கனிமம், இன்னோரிடத்தில் இரும்பு. ஓரிடத்தில் மேய்ச்சல், இன்னோரிடத்தில் அறுப்பு. இது என்ன, ஊருக்கு ஊர் குணம் மாறும் பாசியா? மேலே தெரிவதை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அடியில் ஒரே தேவைதான் இருக்கிறது. நிலையான நீர்மட்டம் வேண்டும், பாஸ்பரஸ் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும், வெயில் விழ வேண்டும். பாஸ்பரஸைக் கால்சியமும் பிடித்து வைக்கும், இரும்பும் பிடித்து வைக்கும். ஒரு நாட்டில் அந்த வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது, ஒரு நாட்டில் இரும்பு செய்கிறது. வெயிலை ஓரிடத்தில் ஆடு திறந்துவைக்கிறது, ஓரிடத்தில் அரிவாள். இன்னும் வடக்கே, குளிரும் ஈரமுமே மரத்தை வளரவிடாமல் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ஒரு நாட்டில் எடுத்த குறிப்பை இன்னொரு நாட்டில் அப்படியே செயல்படுத்தினால் ஏன் பொய்த்துப் போகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லார்ஸ் ஹெடெனாஸ், பெர்னிலா எல்டெனாஸ் என்ற சுவீடன் அறிஞர்கள் கொக்கிப் பாசியின் மரபணுவைப் பார்த்தார்கள். 2007-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இந்தப் பாசிக்குள் இரண்டு தனித்த மரபுவழிகள் இருக்கின்றன. ஒன்று வடக்கின் குளிர்க்காட்டுப் பகுதியை ஒட்டியது, மற்றது இன்னும் பரவலானது. லென்ஸும் நுண்ணோக்கியும் அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆக, இடத்துக்கு இடம் வாழிடம் மாறுகிறது என்று நாம் எழுதி வைத்ததில், உண்மையாகவே மாறியது எவ்வளவு, இரண்டு உறவினர்களை ஒருவர் என்று எண்ணியதால் வந்தது எவ்வளவு? ஒவ்வொரு நாட்டிலும் இது இனிப் பார்க்க வேண்டிய வேலை.

இப்போது உங்களை நெதர்லாந்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே கொஞ்சம் நேரம் தங்குவோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் அந்த நாட்டைப் போல விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட நாடு குறைவு.

நாட்டின் வடகிழக்கே வேரிப்பன்-வீடன் என்றொரு பெரிய சதுப்புப் பகுதி. முன்னோர்கள் அடுப்பெரிக்கப் பீட்டை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடமெல்லாம் நீண்ட குளங்களாயின. குளத்தின் மேல் நாணலும் கோரையும் பின்னிப் பாய்போல மிதக்கத் தொடங்கின. நடந்தால் கால்களுக்குக் கீழே நிலம் ஆடும். அந்த மிதக்கும் நிலத்தின் மேல் ஸ்கார்பிடியம் ஸ்கார்பியாய்டிஸ் என்ற பாசி வளர்ந்தது. தடித்துப் பருத்த தண்டு, கிண்ணமாகக் குவிந்த இலை, பழுப்பும் சிவப்பும் கலந்து கறுத்த நிறம். இதைத் தேள் பாசி என்போம். அயர்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் இது இயற்கை ஊற்றுகளின் ஓரத்தில் வளரும் செடி. நெதர்லாந்திலோ மனிதன் வெட்டிய குளத்தின் மேல் குடியேறியது. மிதக்கும் நிலம் நீரோடு ஏறும், நீரோடு இறங்கும். அதனால் பாசிக்கு எப்போதும் ஒரே ஈரம். பக்கவாட்டில் கால்சியம் கலந்த நீர் கசிந்து வரும். ஊற்று செய்யும் வேலையை இங்கே குளம் செய்தது.

பிறகு என்ன நடந்தது? அன்னமீகெ கோய்மன் என்ற அறிஞர் 1992-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே நெதர்லாந்தில் செல்வச் சதுப்புப் பாசிகள் குறைந்துபோனதைப் பற்றியது. தேள் பாசி இருந்த இடங்களில் ஸ்பேக்னம் என்ற இன்னொரு பாசி ஏறிவிட்டது. ஸ்பேக்னம் சாதாரணச் செடி அல்ல. நீரிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொண்டு பதிலுக்கு அமிலத்தை விடும். மிதக்கும் நிலம் கனக்கக் கனக்க, மேலே மழைநீர் தேங்கும். கீழிருந்து வரும் கால்சியம் நீர் மேலே எட்டாது. அந்த இடைவெளியில் ஸ்பேக்னம் நுழையும். நுழைந்தபின் அதுவே தனக்கு வேண்டிய அமிலத்தைத் தயாரித்துக்கொள்ளும். இது இயற்கையாகவும் நடப்பதுதான், ஆனால் மெதுவாக நடக்கும். இங்கே உரம் மிகுந்ததால் மிக விரைவாக நடந்துவிட்டது. அமிலம் ஏறாத இடங்களிலோ, பாஸ்பரஸைக் கண்டால் கொழிக்கும் கல்லியெர்கோனெல்லா என்ற சாதாரணப் பாசி வந்து நிரம்பியது.

சரி, நீர் குறைகிறது, நீரை விடுவோம் என்று நினைப்பது இயல்புதானே? கோடையில் நீர்மட்டம் தாழும்போது ஆற்று நீரைத் திருப்பி விட்டார்கள். ரைன் நதியின் நீர். மட்டம் சரியாக நின்றது. பாசி நின்றதா? இல்லை! காரணத்தைக் கேளுங்கள். அந்த ஆற்று நீரில் சல்ஃபேட் மிகுதி. பீட்டுக்குள் காற்று இல்லாத ஆழத்தில் வாழும் நுண்ணுயிரிகள் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றின. சல்ஃபைடு இரும்பைப் பிடித்துக்கொண்டது. இரும்பு எதைப் பிடித்து வைத்திருந்தது? பாஸ்பரஸை! பிடி விட்டதும் பாஸ்பரஸ் நீரில் கலந்தது. வெளியிலிருந்து ஒரு கைப்பிடி உரம்கூடப் போடாமலே, சதுப்பு தனக்குள்ளிருந்த உரத்தைத் தானே அவிழ்த்து விட்டுக்கொண்டது. நெய்மேகன் பல்கலைக்கழகத்தில் யான் ரூலோஃப்ஸ், ஆல்ஃபோன்ஸ் ஸ்மோல்டர்ஸ், லியோன் லாமர்ஸ் ஆகியோர் இந்தச் சங்கிலியைக் கண்ணிக்குக் கண்ணி பிரித்துக் காட்டினார்கள். ஈரம் இருந்தும் பாசி செத்த கதை இது. இதைச் சொல்லாமல் ஊற்றுச் சதுப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை என்பேன். அணையிலிருந்து தண்ணீர் விட்டால் போதும், ஏரி உயிர் பெற்றுவிடும் என்று எந்த ஊரில் யார் சொன்னாலும், எந்தத் தண்ணீர் என்று திருப்பிக் கேளுங்கள்.

இனி அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். மீசியா ட்ரைகெட்ரா என்றொரு பாசி. மேலிருந்து பார்த்தால் இலைகள் மூன்று வரிசையில் ஒழுங்காக அடுக்கியிருக்கும். கனடாவின் வடக்குக் காட்டுச் சமவெளியில், கால்சியம் நீர் பாயும் சதுப்புகளில் இது புதிதல்ல. அதே பாசி கலிஃபோர்னியாவில் அரிய தாவரப் பட்டியலில் இருக்கிறது. அங்கே அது சியரா நெவாடா மலையின் உயரத்தில், பனி உருகி நிலத்துக்குள் இறங்கி, ஆண்டு முழுவதும் கசிந்து வரும் சின்னஞ்சிறு ஊற்றுப் புல்வெளிகளில் ஒதுங்கியிருக்கிறது. கோடையில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, அந்த ஊற்று மட்டும் ஈரமாக இருக்கும். மாட்டுக் குளம்பு மிதித்துச் சிறு ஓடை அறுத்துக்கொண்டு போனாலே நீர்மட்டம் இறங்கிவிடும். வடக்கில் பரந்த நிலம் கொடுப்பதை, தெற்கில் ஒரு மலையூற்று கொடுக்கிறது. வடக்கில் ஓர் ஊற்று வற்றினால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும், தெற்கில் அது கிடையாது.

பாலுடெல்லா ஸ்குவரோசா என்ற அழகியையும் சொல்ல வேண்டும். இலைகள் ஐந்து வரிசை, ஒவ்வொன்றும் பின்னோக்கி வளைந்தது. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஸ்காண்டிநேவியாவின் ஊற்றுகளில் உண்டு. இங்கிலாந்தில் இருந்தது, வடிகால் வெட்டி நிலத்தை உலர்த்தியதில் போய்விட்டது. அத்தோடு பிரிட்டன், அயர்லாந்து தீவுகளில் அதன் கதை முடிந்தது என்றே எண்ணியிருந்தார்கள். 1990-களின் இறுதியில் அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் நீல் லாக்ஹார்ட் என்ற தாவரவியலாளர் அதைக் கண்டார். அயர்லாந்தில் அதுவரை யாரும் பதிவு செய்யாத பாசி! சுற்றிலும் அமிலப் பீட் மைல்கணக்கில் விரிந்து கிடக்கிறது. நடுவே ஒரு கனிம ஊற்று கசியும் இடத்தில் பனியுகக் காலத்தின் எச்சமாக அது நின்றது. சுற்றுநிலத்தின் மண்ணை மட்டும் ஆராய்ந்திருந்தால் அது அங்கே இருக்கவே முடியாது என்று எழுதியிருப்போம். ஒரு வட்டாரத்தின் குணம் வேறு, ஓர் ஊற்றின் குணம் வேறு.

பனியுக எச்சம் என்றேனே, அதற்கு மேற்குக் கார்பேத்தியத்தில் சான்று இருக்கிறது. மிஹால் ஹோர்சாக் தலைமையிலான குழு அங்குள்ள சுண்ணாம்புச் சதுப்புகளின் அடிமட்டப் பீட்டைக் கதிரியக்கக் கார்பன் முறையில் வயது கணித்தது. 2012-இல் வந்த முடிவு: சதுப்பு எவ்வளவு பழையதோ, சதுப்புக்கே உரிய உயிரினங்கள் அதில் அவ்வளவு அதிகம். ஆகவே தண்ணீரைக் கேட்பதோடு, அந்தத் தண்ணீர் எத்தனை காலமாக இடைவிடாமல் வருகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இன்று ஒரு புது ஊற்றுக்கு அதே கால்சியம், அதே பி.எச். இருந்தாலும், பழைய ஊற்றின் குடிமக்கள் எல்லாரும் அங்கே வந்துவிட மாட்டார்கள்.

அப்படிப் பழைமை குலையாத இடம் ஒன்று போலந்தில் இருக்கிறது. ரோஸ்புடா ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஊற்று நீர் பீட்டின் உடம்பு வழியாகவே மெல்ல ஊர்ந்து ஆற்றைச் சேர்கிறது. நீர் கூடினால் நிலம் உப்பும், குறைந்தால் தாழும், பாசியின் கால் எப்போதும் நனைந்தே இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே அகுஸ்துவ் நகரப் புறவழிச்சாலையைப் போடத் திட்டமிட்டார்கள். 2007-இல் மக்கள் கொட்டும் பனியில் திரண்டார்கள். ஐரோப்பிய ஆணையம் நீதிமன்றம் போனது. 2009-இல் போலந்து அரசு பாதையை மாற்றியது. சாலை வேறு வழியாகப் போய் 2014-இல் திறக்கப்பட்டது. சாலையும் கிடைத்தது, சதுப்பும் பிழைத்தது. இரண்டும் முடியாது என்று வாதாடியவர்கள் அன்று நிறைய இருந்தார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. வடிகால் வெட்டி உலர்த்திய சதுப்பில் வடிகாலை அடைத்துவிட்டால், போன பாசி திரும்பி வருமா? தானாக வருவது கடினம். இந்தப் பாசிகளில் பல வித்துக்களை அரிதாகவே உண்டாக்குகின்றன. சுற்றிலும் தாய்ச்செடி இல்லாத இடத்தில் எங்கிருந்து வரும்? சுவீடனில் கல்லே மேல்சன், ஹோகன் ரீடின் இருவரும் இதைச் சோதித்தார்கள். தேள் பாசி உள்ளிட்ட செல்வச் சதுப்புப் பாசிகளின் துண்டுகளைக் கொண்டுவந்து, நீர் திரும்பிய நிலத்தில் தூவினார்கள். வேர் இல்லாத செடிக்கு அதில் ஒரு வசதி உண்டு, ஒரு துண்டிலிருந்தே முழுச் செடி கிளம்பும். 2007-இல் அவர்கள் எழுதியபடி, துண்டுகளின் மேல் மெல்லிய மறைப்புப் போட்டு ஈரம் காத்த இடங்களில் அவை நன்றாகத் தேறின. நிலம் அமிலமாகிப் போயிருந்தால் சுண்ணாம்பு இடுவதும் உதவியது. முதலில் தண்ணீரின் அளவு, அடுத்து தண்ணீரின் குணம், அதற்குப் பிறகே பாசித் துண்டு. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் தூவிய துண்டு ஒரு கோடைகூடத் தாங்காது.

மாணவர்கள் கேள்விகளை எழுதி வைத்திருப்பதாகத் தலைவர் அவர்கள் சொன்னார்கள். நுண்ணோக்கியும் சில பாசி மாதிரிகளும் மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. நம் ஊர்ச் சுவர்களிலிருந்து எடுத்தவைதான். வரிசையாக வந்து இலையின் செல்களைப் பாருங்கள், கேள்விகளை அங்கேயே பேசுவோம்.